ஷெட் கட்டிய காசில் போன ஜி.எஸ்.டி. திரும்பி வருமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பொன்னேரிப் பக்கம் நெல் சாகுபடி செய்கிறவர்கள். 12 குடும்பம் பங்குப் பணம் போட்டு ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். உறுப்பினர்களின் நெல்லை வாங்கி மொத்தமாக விற்கிறோம். ஆண்டுக்கு ₹36 லட்சம் அளவுக்கு விற்பனை. அறுவடை நேரத்தில் நெல்லை இருப்பு வைக்க இடமில்லை. மணலி புதுநகர் அருகில் 6,000 சதுர அடியில் ஒரு பழைய தொழிற்சாலை ஷெட் 9 ஆண்டு குத்தகைக்கு வருகிறது. வாடகை மாதம் ₹60,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ₹10,800. 2,000 சதுர அடியை நெல்லுக்கு வைத்துக்கொண்டு, 4,000 சதுர அடியை லாரி உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு ₹75,000-க்கு உள்வாடகைக்கு விடலாம் என்று திட்டம். தரையை உயர்த்துவது, கூரை, சுவர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து ₹15 லட்சம் செலவு, அதற்கு ஜி.எஸ்.டி. ₹2,70,000. ‘ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கிவிட்டால் இந்த ₹2,70,000-மும் திரும்பி வந்துவிடும், நெல் வைக்கிற இடம் உங்களுக்கு இலவசம் மாதிரி’ என்கிறார் தரகர். லண்டனில் கடை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மருமகனும், ‘ஆமாம், கட்டட வேலைக்குக் கொடுத்த வாட் வரியை நாங்கள் திரும்ப வாங்கினோம்’ என்று போனில் சொன்னார். நம்பி ஒப்பந்தம் போடலாமா?

- மீஞ்சூர் ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: அன்பு நண்பருக்கு, ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டீர்களே, அதுவே பாதி லாபம். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். செங்கல், சிமென்ட், இரும்பு, கூரை, தரை, கொத்தனார் கான்ட்ராக்ட் இவற்றில் போகிற ஜி.எஸ்.டி. உங்களுக்குத் திரும்பி வராது. உள்வாடகைக்கு விட்டாலும் வராது, வாடகைக்கு ஜி.எஸ்.டி. வசூலித்துக் கட்டினாலும் வராது. வேறு சில இனங்களில் போகிற வரி கணக்கில் வரவாகும். அது எது, எப்படி என்று தெரிந்துகொண்டு கணக்குப் போட்டால்தான் இந்த ஷெட் உங்களுக்குக் கட்டுமா கட்டாதா என்பது தெரியும்.

‘பயிருக்கு மருந்து சொல்கிறவர் வரிக்கும் சொல்கிறாரே’ என்று சிலர் நினைக்கலாம். உழவர் குழுக்களின் கணக்குப் புத்தகத்தோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு இதே நம்பிக்கையில் கிடங்கு கட்டியது. கட்டட பில்லில் இருந்த வரியை ரிட்டர்னில் வரவாகக் காட்டி, வாடகைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்தும்விட்டார்கள். பிறகு நோட்டீஸ் வந்தது. வரியைத் திருப்பிக் கட்டி, அதற்கு வட்டியும் கட்டினார்கள். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம்; அதற்கு மேல் அபராதமும் வரலாம். அந்த ஆண்டு உறுப்பினர்களுக்குப் பங்கு லாபம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியவில்லை. உங்கள் 12 குடும்பத்துக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வரவு என்றால் என்ன?

உரக்கடைக்காரர் கம்பெனியிடம் மூட்டை வாங்கும்போது ஒரு வரி கட்டுகிறார். உங்களுக்கு விற்கும்போது உங்களிடம் வரி வாங்குகிறார். வாங்கிய வரியை முழுதாக அரசுக்குக் கட்டுவதில்லை. தான் முதலில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுகிறார். அந்தக் கழிவுக்குப் பெயர்தான் உள்ளீட்டு வரி வரவு. ஆடிட்டர்கள் சுருக்கமாக ‘இன்புட்’ என்பார்கள். ‘திரும்பி வரும்’ என்று தரகர் சொல்வது இதைத்தான். காசோலையாக யாரும் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழியும், அவ்வளவுதான்.

கடை, கிடங்கு, ஷெட் வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நீங்கள் உள்வாடகை ₹75,000 வாங்கினால் அதற்கு மேல் ₹13,500 வரி வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். உதிரிபாகக் கம்பெனி ஜி.எஸ்.டி. பதிவு உள்ளதாக இருந்தால் அந்த ₹13,500 அவர்களுக்கு வரவாகிவிடும். அதனால் வாடகை ஏறியதாக அவர்கள் நினைக்க மாட்டார்கள். ‘அப்படியானால் ஷெட் கட்ட நான் கொடுத்த வரியையும் இதில் கழிக்கலாமே’ என்று கேட்பது நியாயமான கேள்விதான். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி அது.

புவனேஸ்வரத்து வழக்கு

ஒடிசாவில் சஃபாரி ரிட்ரீட்ஸ் என்ற கம்பெனி ஒரு பெரிய வணிக வளாகம் கட்டிக் கடைகளை வாடகைக்கு விட்டது. கட்டுமானத்தில் கொடுத்த ஜி.எஸ்.டி. மட்டும் ₹34 கோடிக்கு மேல். வாடகைக்கு வரி கட்டுகிறோமே, இதைக் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். வரித்துறை மறுத்தது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில், அசையாச் சொத்து கட்டுவதற்கு வாங்கிய பொருள், சேவை, கான்ட்ராக்ட் வேலை இவற்றின் வரிக்கு வரவு கிடையாது என்று இருக்கிறது. சொந்தத் தொழிலுக்காகவே கட்டினாலும் கிடையாது. எந்திரமும் தளவாடமும் மட்டும் விதிவிலக்கு.

2019 ஏப்ரலில் ஒடிசா உயர் நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வரித்துறை மேல்முறையீட்டுக்குப் போனது. 3.10.2024 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்று சொன்னது. ஆனால் ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது. சட்டத்தின் ஓர் இடத்தில் ‘தளவாடமும் எந்திரமும்’ என்றும், இன்னோர் இடத்தில் ‘தளவாடம் அல்லது எந்திரம்’ என்றும் எழுதியிருந்தது. அந்த ‘அல்லது’ இருக்கிற இடத்தில், வாடகைத் தொழிலுக்கு அந்தக் கட்டடமே ஒரு தளவாடம் போல வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனியாகப் பார்க்கலாம் என்றது நீதிமன்றம்.

தரகர்கள் பேசுவது அந்தத் தீர்ப்பை வைத்துத்தான். அதற்குப் பின்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்த ‘அல்லது’ எழுத்துப்பிழை, மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 நிதிச் சட்டம் அதை ‘தளவாடமும் எந்திரமும்’ என்று மாற்றியது. அதுவும் ஜி.எஸ்.டி. தொடங்கிய 1.7.2017 முதலே அப்படித்தான் இருந்ததாகக் கருத வேண்டும் என்று முன்தேதியிட்டு மாற்றியது. தளவாடமும் எந்திரமும் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே நிலம், கட்டடம், மற்ற சிவில் கட்டுமானம் ஆகியவை வராது என்று இருக்கிறது. திறந்த கதவு அதோடு மூடிவிட்டது.

லண்டன் மருமகன் பொய் சொல்லவில்லை

அவர் சொன்னது அந்த நாட்டுக்குப் பொருந்தும். பிரிட்டனில் வணிகக் கட்டட வாடகைக்குச் சாதாரணமாக வாட் வரி கிடையாது. ஆனால் கட்டடத்தில் உரிமை உள்ளவர், ‘நான் வாடகைக்கு வாட் வசூலிக்கிறேன்’ என்று விரும்பித் தெரிவு செய்து வரித்துறைக்கு எழுதிக் கொடுக்கலாம். 1989 முதல் இந்த வழி இருக்கிறது. அப்படித் தெரிவு செய்தால் வாடகை மேல் 20 சதவீதம் வாட் வாங்கிக் கட்ட வேண்டும். பதிலுக்குக் கட்டட வேலைக்குக் கொடுத்த வாட் வரியை வரவு வைக்கலாம். குத்தகைக்கு எடுத்து உள்வாடகை விடுகிறவரும் தன் பங்குக்குத் தனியாகத் தெரிவு செய்யலாம்.

நம் ஊரில் அந்தத் தெரிவு இல்லை. கிடங்கு வாடகைக்கு வரி கட்டாயம். கட்டுமான வரிக்கு வரவு இல்லை. வாட் என்ற பேரைக் கேட்டதும் குழம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 1.1.2007 முதல் இருந்த வாட் வரிக்குப் பதிலாகத்தான் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. இரண்டு நாட்டிலும் கழிவு முறை ஒன்றுதான். கட்டடம் என்று வரும்போது மட்டும் விதி வேறு.

உங்களுக்கு எது வரும், எது வராது?

உங்கள் ₹15 லட்சத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தரை உயர்த்துவது, கான்கிரீட், புதுச் சுவர், கூரைச் சட்டம், தகடு: ₹11 லட்சம். இதற்கு வரி ₹1,98,000. இது வராது. புதிதாகக் கட்டுவது மட்டுமில்லை. இருப்பதை இடித்துக் கட்டுவது, மாற்றிக் கட்டுவது, கூட்டிக் கட்டுவது எல்லாம் சட்டத்தின் பார்வையில் கட்டுமானம்தான். இடம் உங்களுடையதா, குத்தகையா என்பதும் பொருட்டில்லை.

இரண்டாவது, உள்வாடகைக் கம்பெனியின் பகுதிக்கு வைக்கிற ஜெனரேட்டரும் எடை மேடையும்: ₹3 லட்சம். வரி ₹54,000. இவை எந்திரம். தரையில் அடித்தளம் போட்டுப் பொருத்தினாலும் எந்திரம்தான்; அந்த அடித்தளமும் எந்திரத்தோடு சேரும். இந்த ₹54,000 வரவாகும். அந்த ஜெனரேட்டரிலிருந்தே நெல் பகுதிக்கும் மின்சாரம் எடுத்தால் வரவைப் பிரிக்க வேண்டிவரும்.

மூன்றாவது, கம்பெனியின் பகுதியில் பெயின்ட், ஒழுகல் அடைப்பு, கதவு பழுது: ₹1 லட்சம். வரி ₹18,000. பழுதுபார்ப்பைச் சொத்து மதிப்பில் ஏற்றாமல் அந்த ஆண்டுச் செலவாக எழுதினால் வரவு உண்டு. சொத்தில் ஏற்றினால் அதுவும் கட்டுமானமாகிவிடும். உண்மையிலேயே பழுதாக இருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். புதுச் சுவரைப் ‘பழுது’ என்று எழுதினால் தணிக்கையில் நிற்காது.

ஆக, தரகர் சொன்ன ₹2,70,000-ல் உங்கள் கணக்குக்கு வரக்கூடியது ₹72,000. வராதது ₹1,98,000.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் சேர்த்து ‘ஷெட் வேலை ₹15 லட்சம்’ என்று ஒரே பில் கொடுத்தால், ஜெனரேட்டரின் வரவும் அதோடு போய்விடும். எந்திரத்தை நீங்களே நேரடியாகக் கடையில், நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துத் தனி பில்லில் வாங்குங்கள். பழுது வேலைக்கும் தனி பில்.

இரண்டு வாடகை பில் வாங்குங்கள்

இதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான இடம். கட்டட வரியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். மாதாமாதம் ஒழுகுகிற ஓட்டை வாடகையில் இருக்கிறது.

ஷெட் உரிமையாளருக்கு நீங்கள் மாதம் ₹10,800 ஜி.எஸ்.டி. கொடுக்கிறீர்கள். உள்வாடகைக்கு விடுகிற பகுதிக்கு உரிய வரி உங்களுக்கு வரவாகும். நெல் வைக்கிற பகுதிக்கு உரியது வரவாகாது. ஏனென்றால் நீங்கள் விற்கும் நெல்லுக்கு வரி இல்லை. வரி இல்லாத விற்பனைக்குப் பயன்பட்ட செலவின் வரியைக் கழிக்கக் கூடாது என்பது விதி.

6,000 சதுர அடியில் 4,000 சதுர அடி உள்வாடகை. அதாவது மூன்றில் இரண்டு பங்கு, ₹7,200 வரவு என்று நினைப்பீர்கள். உரிமையாளர் மொத்த ஷெட்டுக்கும் ஒரே பில் கொடுத்தால் அது ‘பொதுச் செலவு’ ஆகிவிடும். பொதுச் செலவின் வரியை இடத்தின் அளவை வைத்துப் பிரிப்பதில்லை. விற்றுமுதலை வைத்துப் பிரிக்கிறார்கள். உங்கள் நெல் விற்பனை ₹36 லட்சம், உள்வாடகை ஆண்டுக்கு ₹9 லட்சம், மொத்தம் ₹45 லட்சம். வரிக்கு உட்பட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆக ₹10,800-ல் வரவு ₹2,160 மட்டும். மாதம் ₹5,040, ஆண்டுக்கு ₹60,480 கைவிட்டுப் போகும்.

இதற்கு வழி எளியது. 4,000 சதுர அடிக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம், ₹40,000 வாடகைக்கு ஒரு பில். 2,000 சதுர அடிக்கு இன்னொரு ஒப்பந்தம், ₹20,000-க்கு இன்னொரு பில். நடுவில் சுவர். அப்போது முதல் பில்லின் வரி ₹7,200 முழுதும் வரவு. இரண்டாவது பில்லின் ₹3,600 செலவு. உரிமையாளருக்கு இதில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை, பேசினால் ஒப்புக்கொள்வார்.

அந்தச் சுவர் நெல்லுக்கும் வேண்டும். ஆயில், கிரீஸ், ரப்பர் வாசனைக்குப் பக்கத்தில் நெல்லை அடுக்கினால் வாங்குகிறவர் மூட்டையைப் பிரித்ததும் திருப்பி அனுப்புவார். கூரை வரை போகிற சுவராக எழுப்புங்கள்.

பதிவு கட்டாயமா?

வாடகை போன்ற சேவைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ‘எங்கள் உள்வாடகை ₹9 லட்சம்தானே’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ₹20 லட்சக் கணக்கில் வரி இல்லாத நெல் விற்பனையும் சேரும். நெல் மட்டும் விற்றவரை உங்களுக்குப் பதிவு தேவைப்படவில்லை. வரிக்கு உட்பட்ட வாடகை ஒன்று சேர்ந்ததும் மொத்தம் ₹45 லட்சமாகி வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாமல் வாடகை வாங்கினால் பின்னால் வரியை உங்கள் கைக்காசிலிருந்து கட்ட நேரிடும்.

இந்த ஷெட் கட்டுமா?

வாடகை ஏற்றம், கடன் வட்டி இரண்டையும் விட்டுவிட்டு எளிய கணக்காகப் பார்ப்போம். கட்டடச் செலவை 9 ஆண்டு, அதாவது 108 மாதத்துக்குப் பங்கிடுகிறேன்.

தரகர் கணக்கு: எல்லா வரியும் திரும்புகிறது. உள்வாடகை ₹75,000-ல் வாடகை ₹60,000 போக ₹15,000. கட்டடச் செலவு மாதம் ₹13,889. மீதி ₹1,111. நெல் பகுதி இலவசம், கையில் காசும் மிஞ்சும்.

உண்மைக் கணக்கு, பில்களைச் சரியாகப் பிரித்தால்: வாடகை ₹60,000, நெல் பகுதியின் வரி ₹3,600. உள்வாடகையில் இது போக ₹11,400. கட்டடச் செலவு, திரும்பாத வரி சேர்த்து ₹16,98,000, மாதத்துக்கு ₹15,722. கைநஷ்டம் மாதம் ₹4,322.

எல்லாம் ஒரே பில்லாக வாங்கினால்: வாடகையும் திரும்பாத வரியும் ₹68,640. மீதி ₹6,360. கட்டடச் செலவு ₹17,70,000, மாதத்துக்கு ₹16,389. கைநஷ்டம் ₹10,029.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2,000 சதுர அடி நெல் கிடங்கு மாதம் ₹4,322-க்குக் கிடைக்கிறது என்றால் அது மோசமில்லை. அறுவடை முடிந்த கையோடு விற்காமல் இரண்டு மாதம் தாங்கி விற்றால் மூட்டைக்கு எவ்வளவு கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ₹10,029 ஆனால் வேண்டாம் என்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது ஆண்டில் ₹6 லட்சத்துக்கு மேல். அத்தனையும் பில் எழுதுகிற முறையில் இருக்கிறது. ‘இலவசம்’ என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் முதல் ஆண்டிலேயே பங்குப் பணத்தில் கை வைக்க வேண்டிவரும்.

அந்த ₹1,98,000-ஐ ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, உரிமையாளரிடம் கேளுங்கள். அவருடைய ஷெட்டைத்தான் செலவு செய்து உயர்த்துகிறீர்கள். வேலை நடக்கும் மூன்று மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்று அவர் ஒப்புக்கொண்டால் ₹1,80,000 மிச்சம். ஏறக்குறைய அந்த வரிக்குச் சமம். மற்றொன்று, வருமான வரியில். வரவு எடுக்காத ஜி.எஸ்.டி.யைக் கட்டடத்தின் அடக்கத்தோடு சேர்த்து அதன் மீது தேய்மானம் எழுதலாம். உள்வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டும் நிறுவனத்துக்கு இது பொருந்தும். ஒரே வரித்தொகைக்கு ஜி.எஸ்.டி. வரவும் தேய்மானமும் இரண்டும் எடுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் இதை வலியுறுத்துகிறது. ‘வாயால் சொன்னார்’ என்பது பிறகு உதவாது.

9 ஆண்டுக் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 11 மாத ஒப்பந்தத்தை நம்பி ₹15 லட்சம் போடாதீர்கள். குத்தகை முடியும்போது கூரை, ஜெனரேட்டர், எடை மேடை யாருக்கு, நடுவில் காலி செய்யச் சொன்னால் கட்டடச் செலவில் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

உள்வாடகைக் கம்பெனி மூன்றாம் ஆண்டே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? குறைந்தது ஐந்து ஆண்டு இருப்போம் என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள். எண்ணூரில் காமராஜர் துறைமுகம், பக்கத்தில் காட்டுப்பள்ளி, தெற்கே ராயபுரம் வரை சென்னைத் துறைமுகம் என்று இருப்பதால் அந்தப் பக்கம் கிடங்குக்கு ஆள் கிடைக்கும்தான். கிடைக்கும்வரை வாடகை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்ததை மறக்க வேண்டாம். அந்த ஷெட்டின் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் எவ்வளவு உயரம் என்று பக்கத்துக் காவலாளியைக் கேட்டு, அதற்கு மேல் தரையை உயர்த்துங்கள். உயர்த்துகிற செலவின் வரி வராது. ஆனால் நனைந்த நெல் அதைவிட அதிக நஷ்டம். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே வந்த நெல்லை மட்டும் மரச் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஆள் போகும் இடம் விடுங்கள்.

கடைசியாக, ரிட்டர்ன் விஷயம். உங்களுக்கு பில் கொடுத்தவர் அதைத் தன் ரிட்டர்னில் காட்டினால்தான் உங்கள் கணக்கில் வரவு தெரியும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். ஒரு நிதியாண்டின் வரவை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அதற்குள், எடுத்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தையும் குத்தகை வரைவையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை ஆடிட்டரைப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கிற கட்டணம் இந்தக் கணக்கில் சிறு தொகைதான்.

சிறு கேள்விகள்

கேள்வி: அத்திப்பட்டு அருகே கிணறு உப்பாகிப் பயிர் ஏறாத ஓர் ஏக்கரை லாரி நிறுத்த ஒரு கம்பெனிக்கு மாதம் ₹30,000-க்கு விட்டிருக்கிறேன். எனக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. கம்பெனி, ‘உங்கள் வாடகைக்கு 18 சதவீதம் நாங்கள் கட்டுகிறோம், அதனால் ₹24,600-தான் தருவோம்’ என்கிறது. சரியா?

பதில்: சரியில்லை. 10.10.2024 முதல், பதிவு இல்லாதவர் குடியிருப்பு அல்லாத சொத்தைப் பதிவு உள்ளவருக்கு வாடகைக்கு விட்டால், ஜி.எஸ்.டி.யை வாடகைக்கு எடுத்தவரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. அது வாடகைக்கு மேல் அவர்கள் கட்டுவது. உங்கள் ₹30,000-ல் பிடிப்பது அல்ல. கட்டியதை அவர்கள் தங்கள் தொழிலில் வரவும் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் ‘வாடகை ₹30,000, ஜி.எஸ்.டி. தனி’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: லாரி நிறுத்த விட்ட நிலத்தின் வாடகை விவசாய வருமானம் ஆகாது. வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் கிடங்கில் பக்கத்து ஊர் விவசாயிகளின் நெல்லை மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வைக்கிறோம். இதற்கும் 18 சதவீதமா?

பதில்: இல்லை. விளைபொருளை ஏற்றுவது, இறக்குவது, சிப்பம் கட்டுவது, இருப்பு வைப்பது இவற்றுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனால் அதே கிடங்கை ஒரு வியாபாரிக்கு மொத்தமாக மாத வாடகைக்கு விட்டால் அது கட்டட வாடகை. 18 சதவீதம் வரும். ரசீதில் ‘நெல் இருப்புக் கட்டணம்’ என்று மூட்டைக் கணக்கோடு எழுதி வையுங்கள்.